கழுவினால் போகாத கோளாறு: பழைய பிரிக்ஸ் மோவரின் கார்புரேட்டர் தேய்மானம்

சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் ஓடும். முழுக்க விட்டால் உறுமும், அடங்கும், மறுபடி உறுமும், கடைசியில் நின்றுவிடும். பழைய லான் மோவர் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். கூடவே ஒன்று சொல்வார்கள்: "கார்புரேட்டரை ரெண்டு தடவை கழட்டிக் கழுவியாச்சு." முதல் தடவை கழுவியதற்கு அப்புறம் இன்னும் மோசமாகிவிட்டது என்றும் சிலர் சொல்வார்கள். அது பிரமை அல்ல. காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் தண்டான த்ராட்டில் சாஃப்டைச் சுற்றி வருடக்கணக்காகப் படிந்த பெட்ரோல் பிசினும் புல் தூசியும்தான் தேய்ந்த துளையின் இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தன. கிளீனரில் ஊறப்போட்டதும் அது கரைந்துவிட்டது. இப்போது அந்த வழியாகக் காற்று தாராளமாக உள்ளே போகிறது.

பழைய கார்புரேட்டரில் அழுக்கு ஒரு கோளாறு, தேய்மானம் வேறு கோளாறு. முதலாவதற்கு ஸ்ப்ரே போதும். இரண்டாவதற்கு ஃபீலர் கேஜ், அதாவது மெல்லிய இடைவெளியை அளக்கும் தகடு, வேண்டும். கடையில் கிடைக்கும் கேஸ்கெட் கிட்டில் ரப்பரும் காகிதமும் ஊசியும் இருக்கும். தேய்ந்த உலோகத்துக்கு அதில் மருந்து கிடையாது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின்களை வைத்தே பேசுவோம். 1953இல் அந்த நிறுவனம் அலுமினிய இன்ஜினைக் கொண்டுவந்த பிறகு வட அமெரிக்காவின் மோவர்களில் எங்கு பார்த்தாலும் அதுதான். நியூ ஜெர்சியிலோ டொராண்டோவிலோ பழைய வீடு வாங்கும் நம்மவர்களுக்கு கராஜ் மூலையில் வீட்டோடு சேர்ந்து கிடைக்கும் மோவரில் இருப்பதும் அநேகமாக அதுவே.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் எண்ணைப் படியுங்கள். ஸ்பார்க் பிளக் பக்கத்தில், இன்ஜினை மூடியிருக்கும் தகரத்தில் மாடல் எண்ணை அடித்திருப்பார்கள். 92902 என்று இருந்தால், முதல் 9 கன அங்குலக் கொள்ளளவு, அதாவது 148 சிசி. அடுத்த 2 வடிவமைப்பு வரிசை. மூன்றாவதாக வரும் இலக்கம்தான் நமக்கு வேண்டியது. 9 என்றால் செங்குத்துச் சாஃப்டும் (இன்ஜினின் சுழல்தண்டு) பல்சா-ஜெட் கார்புரேட்டரும். அதே இடத்தில் 5 இருந்தால் வேக்கு-ஜெட். பெரிய இன்ஜின்களில் கொள்ளளவே இரண்டு இலக்கம்: 191707இல் 19 கன அங்குலம், 1 வரிசை, 7 என்றால் செங்குத்துச் சாஃப்ட், ஃப்ளோ-ஜெட். பக்கத்தில் இருக்கும் கோட் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், தேதி. 780512 என்று தொடங்கினால் அது 1978 மே 12இல் செய்த இன்ஜின். உதிரிபாகக் கடையில் இந்த எண்கள் இல்லாமல் பேசுவது முகவரி இல்லாமல் கடிதம் போடுவது மாதிரி.

வேக்கு-ஜெட்டும் பல்சா-ஜெட்டும் பெட்ரோல் டேங்கின் தலைமேல் நேரடியாக உட்கார்ந்திருப்பவை, தள்ளிக்கொண்டு போகும் சிறிய மோவர்களில் வருபவை. ஃப்ளோ-ஜெட்டில் மிதவையும் கிண்ணமும் உண்டு. உட்கார்ந்து ஓட்டும் மோவர்களில் பார்க்கலாம். மூன்றும் தேயும் விதம் வேறு.

கழற்றாமலே கண்டுபிடிக்கக்கூடியது நிறைய இருக்கிறது. இன்ஜின் உறுமி உறுமி அடங்கும்போது சோக்கைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். சீராகிவிட்டால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்: ஒன்று பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. சோக்கால் மாற்றமே இல்லையென்றால், த்ராட்டில் நெம்புகோலை விரலால் ஒரே இடத்தில் அசையாமல் பிடியுங்கள். வேகத்தை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அப்போது உறுமல் நின்றால் குற்றவாளி இன்ஜின் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கவர்னர், கார்புரேட்டர் அல்ல.

திருட்டுக் காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்கக் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பவர்கள் உண்டு. சைலன்சர் ஒரு சாண் தூரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும்போது அது தீக்கு அழைப்பு. அதற்குப் பதில் எண்ணெய்க் குப்பியால் த்ராட்டில் சாஃப்ட் உடலுக்குள் நுழையும் இடத்தில் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்கள். எண்ணெய் இடைவெளியை அடைக்கும் சில நொடிகளுக்கு ஐட்லிங் சீராகி, பிறகு பழையபடி தடுமாறினால், சாஃப்ட் துளை தேய்ந்திருக்கிறது. இன்டேக் குழாய் சேரும் இடத்திலும் இதே சோதனை செல்லும்.

ஏன் அந்தச் சாஃப்ட் மட்டும் இவ்வளவு தேய்கிறது? கவர்னர் ஒரு கணமும் அதைச் சும்மா விடாது. புல் அடர்ந்தால் திறக்கும், மெலிந்தால் மூடும். கவர்னர் ஸ்பிரிங் எப்போதும் ஒரே பக்கமாக இழுப்பதால் துளை வட்டமாகத் தேயாமல் முட்டை வடிவில் தேயும். ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினின் அதிர்வும், வெளியிலிருந்து உறிஞ்சப்படும் தூசியும் அரம் போல வேலை செய்யும். தேய்ந்த வழியாக வரும் காற்று வடிகட்டியைக் கடந்து வந்த காற்று அல்ல என்பதையும் கவனியுங்கள். அது இன்ஜினையும் சேர்த்துத் தின்னும்.

ஆட்டத்தை விரலால் அசைத்துப் பார்த்து "லூஸா இருக்கு" என்பது போதாது. ஃப்ளோ-ஜெட்டின் மேல் உடலில் ஒரு சிறு இரும்புத் துண்டைச் சாஃப்டுக்கு அருகே வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்டைக் கீழே அழுத்தி, துண்டுக்கும் சாஃப்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜால் அளவெடுங்கள். பிறகு மேலே தூக்கிப் பிடித்து அளவெடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.010 அங்குலத்துக்கு, அதாவது கால் மில்லிமீட்டருக்கு மேல் போனால் புஷ்ஷோ (சாஃப்ட் சுழலும் சிறு குழல்) சாஃப்டோ இரண்டுமோ மாற வேண்டும். எது என்று தெரிய, சாஃப்டின் தேயாத நடுப்பகுதியையும் புஷ்ஷுக்குள் ஓடும் பகுதியையும் மைக்ரோமீட்டரில் அளந்து ஒப்பிடுங்கள். சாஃப்டில் நகம் தட்டும் பள்ளம் இருந்தால் அளக்கவே வேண்டாம். பள்ளம் விழுந்த சாஃப்டைப் புதுப் புஷ்ஷில் போட்டால் சீக்கிரமே பழைய கதைதான்.

இரண்டு துண்டு ஃப்ளோ-ஜெட்டைத் திறப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பெட்ரோல் நாசில் கீழ் உடலிலிருந்து சாய்வாக ஏறி, மேல் உடலுக்குள் நுழைந்து நிற்கும். நாசிலை எடுக்காமல் நான்கு திருகையும் கழற்றி மேல் பாதியை நிமிண்டினால் நாசில் வளையும் அல்லது உடையும். ஆகவே முதலில் பேக்கிங் நட்டையும், பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கலவை ஊசியையும் சேர்த்து வெளியே எடுத்து, அதே துளை வழியாக ஒடுக்கமான டெஸ்டரை விட்டு நாசிலைச் சுழற்றி எடுக்க வேண்டும். நாசில் பித்தளை. அதன் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தாத டெஸ்டர் முதல் திருப்பிலேயே அதைச் சிதைத்துவிடும். சும்மா கிடக்கும் ஒரு டெஸ்டரின் முனையை கிரைண்டரில் தேய்த்து, பள்ளத்தின் அகலத்துக்கும் தடிமனுக்கும் பொருத்தமாகச் செய்துகொள்வது பத்து நிமிட வேலை. அழுத்திக்கொண்டே, ஒரே மூச்சில் திருப்புங்கள்.

மேல் உடலைக் கையில் எடுத்தபின், த்ராட்டில் தகட்டின் திசையையும் எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது என்பதையும் கீறி அடையாளமிடுங்கள். தகட்டின் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டது. திருப்பிப் போட்டால் மூடாது. தகட்டுத் திருகுகளின் பின்முனையை நசுக்கி வைத்திருந்தால், நசுங்கிய பகுதியைச் சிறிய அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இல்லையென்றால் திருகு பாதியில் முறியும்.

பழைய புஷ்ஷை எடுக்க, மரை வெட்டும் கருவியான கால் அங்குல டேப் ஒன்று போதும். டேப்பை வைசில் நிமிர்த்திப் பிடித்து, கார்புரேட்டர் உடலைப் புஷ்ஷின் வழியாக அதன்மேல் திருப்புங்கள். டேப் புஷ்ஷைக் கவ்விக்கொள்ளும். உடலை இழுத்தால் புஷ்ஷும் கழன்றுவரும். புதுப் புஷ்ஷைச் சுத்தியலால் அடிக்காமல் வைசின் தாடைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக அழுத்துங்கள். அழுத்தும்போது உள்விட்டம் சற்றுச் சுருங்குவதுண்டு, சாஃப்ட் இறுக்கமாகச் சுழலும். அப்போது 7/32 அங்குல ட்ரில்லைக் கையால் சுழற்றி இரண்டு புஷ்ஷின் ஊடாகவும் ஒரே நேரத்தில் விட்டு எடுக்கவும். மோட்டாரில் போடாதீர்கள், நோக்கம் துளையைப் பெரிதாக்குவதல்ல, இரண்டையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருவது.

புஷ் வைக்காமல் உடலிலேயே நேரடியாகத் துளையிட்டிருக்கும் கார்புரேட்டர்களும் உண்டு. லேத் பட்டறையில் கொடுத்து வெண்கலப் புஷ் கடைந்து போடலாம். பட்டறைக்காரரிடம் ஒன்றை மட்டும் வலியுறுத்துங்கள்: இரண்டு பக்கத் துளையையும் ஒரே பிடியில், உடலைத் திருப்பாமல் போட வேண்டும். ஒரு பக்கம் போட்டு, கழற்றி, திருப்பிப் பிடித்து மறுபக்கம் போட்டால் மையம் ஒரு மயிரிழை விலகும். சாஃப்ட் ஓடும், ஆனால் தகடு ஒரு ஓரத்தில் சிக்கும். சிக்கிய த்ராட்டிலால் கவர்னர் வேகத்தைக் குறைக்க முடியாது. தறிகெட்டு ஓடும் இன்ஜினை மரத்தூள் பறக்கும் வேகத்தில் சுற்றும் பிளேடோடு சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

தகட்டை மாட்டும்போது திருகுகளைத் தளர்வாக விட்டு, த்ராட்டிலை முழுக்க மூடி, சாஃப்டை லேசாகத் தட்டுங்கள். தகடு தானாகவே நடுவில் உட்காரும். பிறகு இறுக்கி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவு மெல்லிய கீற்று தெரியலாம். ஒரு பக்கம் மட்டும் பிறை நிலாவாகத் தெரிந்தால் மறுபடி தளர்த்துங்கள். திருகுகளில் பெட்ரோலுக்குக் கரையாத லாக்கிங் பசை கட்டாயம் வேண்டும். இந்தத் திருகு கழன்றால் நேராக இன்டேக் வால்வுக்குத்தான் போகும்.

மேல், கீழ் உடல்கள் சேரும் முகத்தையும் விடாதீர்கள். கசிகிறது என்று யாரோ நான்கு திருகையும் மாறி மாறி இறுக்கியதில் மேல் உடல் வளைந்திருக்கும். இரண்டையும் கேஸ்கெட்டோடு சேர்த்து மாட்டி, 0.002 அங்குல, அதாவது 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகட்டை இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் உடல் வளைந்துவிட்டது. மிதவை தொங்கும் காதுகள் நீட்டிக்கொண்டிருப்பதால் அதைக் கண்ணாடிமேல் வைத்துத் தேய்த்துச் சமன் செய்யவும் வழியில்லை. மேல் உடலை மாற்றுவதுதான் நேர்மையான வழி. இரட்டைக் கேஸ்கெட் போடுவது ஒரு வாரத்துக்கு உதவும். மிதவை மட்டத்தையும் கெடுக்கும்.

மிதவை ஏறும்போது பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசிக்கு வருவோம். எஃகு ஊசியாக இருந்தால் கூம்பில் ஒரு வளையக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். நகத்தை முனையை நோக்கி இழுங்கள், தட்டினால் தேய்ந்துவிட்டது. ஊசி உட்காரும் இருக்கையை விட்டுவிட்டு ஊசியை மட்டும் மாற்றுவது வீண் வேலை, ஏனென்றால் பழைய ஊசி அடித்த பள்ளத்தில் புது ஊசி பொருந்தாது. சில மாடல்களில் இருக்கை திருகு வைத்தது, சிலவற்றில் அழுத்திச் செருகியது. செருகியதை, துளைக்குள் தானே மரை வெட்டிக்கொள்ளும் திருகு ஒன்றை ஏற்றி இழுத்தெடுக்கலாம். மாட்டிய பிறகு மேல் உடலைத் தலைகீழாகப் பிடித்து, மிதவையின் சொந்த எடை மட்டும் ஊசியை அழுத்த, பெட்ரோல் குழாய் வழியாக ஊதுங்கள். துளியும் காற்று போகக் கூடாது.

இந்த ஊசி கசிந்தால் வெறும் பெட்ரோல் வாடையோடு போகாது. டேங்க் உயரத்தில் இருக்கும் மோவரில், இரவெல்லாம் சொட்டும் பெட்ரோல் இன்டேக் வழியாகச் சிலிண்டருக்கு வந்து, பிஸ்டன் வளையத்தைக் கடந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்தால் மட்டம் ஏறியிருக்கும், முகர்ந்தால் பெட்ரோல். அந்த ஆயிலோடு ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. ஊசியை மாற்றி, ஆயிலையும் மாற்றி, பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும். ஊசியை மாற்றிவிட்டு ஆயிலை மறப்பவர்கள் அடுத்து கனெக்டிங் ராடு வாங்கப் போகிறார்கள்.

மிதவை மட்டம் எளிது: மேல் உடலைக் கேஸ்கெட்டோடு தலைகீழாகப் பிடித்தால் மிதவை முகத்துக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசியைத் தொடும் நாக்கை மூக்குக் கொறடால் வளையுங்கள். மிதவையையே அழுத்தி வளைத்தால் அந்த அழுத்தம் ஊசி வழியாக இருக்கையில் இறங்கும். கீல் ஊசியையும் உருவிப் பாருங்கள், அதில் பள்ளம் விழுந்திருந்தால் மட்டத்தை எத்தனை முறை சரிசெய்தாலும் நிற்காது. பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே சலசலக்கிறதா? ஓட்டையைக் கண்டுபிடிக்க வெந்நீரில் முக்குங்கள், குமிழி வரும். ஈயம் வைத்து அடைக்கலாம்தான், உள்ளே இருக்கும் பெட்ரோல் முழுக்க ஆவியான பிறகு. இல்லையேல் சூட்டுக்கோல் பட்டதும் வெடிக்கும். ஈயம் அதிகமானால் மிதவை கனத்து பெட்ரோல் மட்டம் ஏறும். புது மிதவை கிடைக்கும்போது இந்தச் சாகசம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

பல்சா-ஜெட் வேறு ஜாதி. இன்டேக்கின் உறிஞ்சல் விட்டு விட்டு வருவதை வைத்து ஒரு டயாபிராம், அதாவது மெல்லிய சவ்வு, துடிக்கும். அது நீளக் குழாய் வழியாக டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து, டேங்கின் தலையிலேயே இருக்கும் சிறிய கிண்ணத்தை நிரப்பும். குட்டைக் குழாய் அந்தக் கிண்ணத்திலிருந்து இன்ஜினுக்கு ஏற்றும். கிண்ணம் எப்போதும் நிறைந்திருப்பதால் மிதவை தேவைப்படாமல் போகிறது. டயாபிராம் விறைத்து, அதில் வெட்டியிருக்கும் சிறு மடல் வால்வுகள் சுருண்டால் கோளாறு ஒரு தனி முகத்தோடு வரும்: டேங்க் நிறைய இருக்கும்போது அருமையாக ஓடும், பாதி தீர்ந்ததும் திணறும், மறுபடி ஊற்றினால் உயிர் வரும். இதைக் கேட்டவுடனே டயாபிராமை வாங்கிவிடலாம்.

புது டயாபிராம் போட்டும் சரியாகவில்லையென்றால் டேங்கின் மேல்முகத்தைப் பாருங்கள். எஃகு அளவுகோலைக் குறுக்காக வைத்து, அதன் அடியில் அதே 0.05 மில்லிமீட்டர் ஃபீலரை நுழையுங்கள். நுழைந்தால் அங்கே உறிஞ்சல் கசிகிறது, டயாபிராம் துடிக்காது. கார்புரேட்டரின் அடிமுகம் மட்டும் வளைந்திருந்தால் குழாய்களைக் கழற்றிவிட்டு, தடித்த கண்ணாடிமேல் 400ஆம் எண் தண்ணீர் உப்புத்தாளை விரித்து, எட்டு போடும் விதமாகத் தேய்த்துச் சமன் செய்யலாம்; துத்தநாகக் கலவை மென்மையானது, ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். நைலான் குழாய்களைக் கிளீனரில் ஊறப்போட வேண்டாம். வேக்கு-ஜெட்டின் குழாயில் ஒரு சிறு குண்டு உண்டு, குலுக்கினால் சத்தம் வர வேண்டும்.

இந்த மாடல்களில் இன்டேக் குழாயில் செருகும் ஓ-ரிங் காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்த வளையம்தான் பாதி உறுமலுக்குக் காரணம் என்பதால், கார்புரேட்டரைக் கழற்றினால் அதைக் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். மாட்டும்போது ஒரு சொட்டு ஆயில் தடவுங்கள், இல்லையென்றால் உருண்டு கிழியும்.

எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை ஊதவைக்கும், ஈரத்தை இழுத்து துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி கிளப்பும். அமெரிக்காவில் 15 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மோவர்களில் ஊற்றவே சட்டம் அனுமதிப்பதில்லை, 10 வரைதான். இந்தியாவில் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதக் கலவை என்பதால், இங்கே பழைய இன்ஜின் வைத்திருப்பவர்கள் சீசன் முடிந்ததும் டேங்கையும் கிண்ணத்தையும் காலி செய்துவிடுவது நல்லது.

எல்லாம் மாட்டியாயிற்று. கலவை ஊசியை விரல் நுனியால் உட்காரும் வரை மட்டும் திருப்புங்கள். அதற்கு மேல் ஒரு திருப்பு போட்டவர்களால்தான் ஊசி முனையில் பள்ளம் விழுகிறது, நாசில் வாய் விரிகிறது. பிறகு ஒன்றரைச் சுற்று திறந்து வையுங்கள். ஃப்ளோ-ஜெட்டின் ஐட்லிங் ஊசிக்கு முக்கால் முதல் ஒரு சுற்று. 1997இல் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு செய்த இன்ஜின்கள் பலவற்றில் இந்த ஊசியே கிடையாது, நிலையான ஜெட்தான். அப்படிப்பட்ட இன்ஜின் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். காற்று வடிகட்டியை மாட்டி, ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். வேலை செய்யும் வேகத்தில், சுமார் 3000 சுற்றில், ஊசியை வலப்பக்கம் கால் கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் தளரத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து இடப்பக்கம் திருப்பி, கட்டிப்புகையோடு தடுமாறும் இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே நிறுத்துங்கள். பிறகு ஐட்லிங் திருகை 1750 சுற்றுக்கு வையுங்கள். வேக்கு-ஜெட்டாக இருந்தால் டேங்க் பாதி நிறைந்திருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள், அதில் பெட்ரோல் மட்டத்தோடு கலவையும் மாறும்.

கடைசியாக த்ராட்டிலைச் சட்டென்று திறந்து பாருங்கள். தயங்கினால் ஊசியை இன்னும் எட்டில் ஒரு சுற்று திறக்கவும். பத்து நிமிடம் நல்ல அடர்த்தியான புல்லை வெட்டிவிட்டு, இன்ஜின் ஆறியபின் பிளக்கைக் கழற்றுங்கள். காபிப் பொடி நிறமாக இருந்தால் ஊசியை அப்படியே விட்டுவிடுங்கள். வெளிறியிருந்தால் மறுபடி எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு சாஃப்டிலிருந்து தொடங்குங்கள்.